கோல் போஸ்டுக்குப் பின்னால்

ஜனவரி 21, செவ்வாய்

நாளைக்கு முதல் ஆட்டம். விடுதியில் யாருக்கும் படிப்பு ஓடவில்லை.

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் மகளிர் கல்லூரி ஃபுட்பால் டீமில் போன வருடம் ஆடிய அக்காமார்கள் முக்கால்வாசிப் பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். இந்த வருடம் பதினொரு பேரில் எட்டுப் பேர் முதலாண்டு. லீக்கில் ஐந்து கல்லூரிகள். ஒவ்வொன்றோடும் ஒரு ஆட்டம். நாளைக்கு நாகர்கோவில்காரிகள் எங்கள் கிரவுண்டுக்கே வருகிறார்கள்.

இரண்டு வருடம் நான்தான் கோல்கீப்பர். முட்டி வலியால் இந்த வருடம் நானே விலகிக்கொண்டேன். என் இடத்தில் இப்போது உவரியிலிருந்து வந்த டெல்சி என்ற முதலாண்டுப் பெண். குள்ளம். கையுறை அவள் கைக்குப் பெரிதாக இருக்கிறது. பார்ப்போம்.

என் வகுப்பு ஷமீமா மேலப்பாளையத்திலிருந்து வரும்போது, தம்பியின் பள்ளிக்கூட பேண்டு செட்டிலிருந்து ஒரு டிரம் இரவல் வாங்கி வந்துவிட்டாள். மதியம் முழுக்க கேன்டீன் பின்னால் ஒத்திகை. அறைத்தோழி அனுசுயா கணக்குத் துறை. ஃபுட்பாலைப் பார்த்ததே கிடையாது. கீப்பர் மட்டும் கையால் தொடலாம் என்று சொன்னதும், "அப்ப பதினோரு பேரையும் கீப்பராக்கிர வேண்டியதானட்டி?" என்று கேட்டாள். அவளையும் சேர்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் மோட்டார் ஓடவில்லை. கீழேயிருந்து மூன்றாவது மாடிக்கு இரண்டு கையிலும் வாளியோடு ஆறு நடை ஏறினேன். அனுசுயா இரண்டாவது நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரி 22, புதன்

0 - 6.

ஜனவரி 23, வியாழன்

நேற்று எழுத மனமில்லை. இன்று எழுதுகிறேன்.

கல்லூரியே இரண்டு மணி நேரம் வகுப்பை நிறுத்தி அனுப்பியது. இருநூறு பேர் இருக்கும். நான்காவது நிமிடம் முதல் கோல். நம் பிள்ளைகள் பந்து இருக்கிற பக்கமெல்லாம் மொத்தமாக ஓடினார்கள். நாகர்கோவில்காரிகள் பந்து இல்லாத பக்கத்தில் நின்று சிரித்தார்கள். இடைவேளைக்குள் நான்கு. அதோடு கூட்டம் கலைந்துவிட்டது. ஐந்தாவது கோல்தான் கொடுமை. வேகமே இல்லாத பந்து, உருண்டு உருண்டு வந்தது. டெல்சி குனிந்தாள், அது அவள் இரண்டு காலுக்கும் நடுவில் போய்விட்டது. நான் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததால் நன்றாகத் தெரிந்தது.

ஷமீமா மட்டும் ஆறாவது கோலுக்குப் பிறகும் டிரம்மை நிறுத்தவில்லை. ஆட்டம் முடிந்து நம் டீம் தலைகுனிந்து வந்தபோது, "ஆறுதான? நான் பத்துன்னு நெனச்சேன்" என்றாள். மாரிச்செல்வி, நம் பத்தாம் நம்பர், அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். டெல்சி கையுறையைக் கழற்றாமலேயே தண்ணீர் குடித்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இன்ஸ்டாவில் நம் கல்லூரிக் கலாய்ப்புப் பக்கத்தில் ஒரு படம் வந்துவிட்டது. டெல்சியின் காலுக்கு நடுவில் பந்து. கீழே: 'டோல்கேட் இன்று இலவசம். போய்க்கொண்டே இருங்கள்.' அந்தப் பக்கத்தை யார் நடத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். மெஸ்ஸில் எல்லாரும் போனை நீட்டி நீட்டிச் சிரித்தார்கள். எழுநூறு லைக். சாம்பாரில் இன்றைக்கும் உப்பு இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

டெல்சி பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். திரும்பி வரமாட்டேன் என்று அறையில் சொல்லிவிட்டுப் போனாளாம். அவள் நடந்து போகும்போது வராந்தாவில் யாரோ "டோல்கேட்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஷமீமாவுக்கு ஆத்திரம். "படம் போட்டவ மட்டும் ஆருன்னு தெரியட்டும், இந்தக் குச்சி ரெண்டும் அவ மண்டையிலதான்" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

துவைக்கப் போட்ட சுடிதாரில் சாயம் ஏறிவிட்டது. நாளைக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

கனகமணி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் விளையாட்டு ஆசிரியை. தூத்துக்குடியோடு புதன்கிழமை ஆட்டம், கீப்பர் இல்லை, முட்டி எப்படியிருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். ஒன்றாம் நம்பர் ஜெர்சியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. கண்ணாடி முன்னால் இரண்டு தடவை குதித்தேன். ஆறு மாதமாக இதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அனுசுயா வந்து பார்த்துவிட்டு, "ஒனக்கு முட்டி வலில்லா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கணக்குக்காரி.

ஜனவரி 25, மறுபடி

அந்தப் படத்தை எடுத்தது நான். எழுதியதும் நான்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, பல் தேய்க்கும்போது, அனுசுயாவிடம் சொல்லிவிட்டேன். முட்டியில் ஒன்றுமில்லை என்பதையும் சொன்னேன். ஜூலையில் மேடம் செலக்சன் வைத்தபோது டெல்சி பத்துப் பந்தில் எட்டைப் பிடித்தாள், நான் நான்கு. எல்லாருக்கும் முன்னால் தோற்றுவிட்டு, முட்டி என்று சொல்லிக்கொண்டேன். இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அனுசுயா வாயைக் கொப்பளித்துவிட்டு, உவரிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டாள்.

வார்டனிடம் உவரி சுயம்புலிங்கசாமி கோயிலுக்கு என்று அனுமதி வாங்கினோம். சொன்னது பொய்யாக வேண்டாமே என்று முதலில் கோயிலுக்கே போய்க் கும்பிட்டோம். பிறகு டெல்சி வீட்டைத் தேடிப் போனோம்.

அவள் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மகளைத் தேடிக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்களே என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்து, சாப்பிடாமல் போகவிடமாட்டேன் என்று மீன்குழம்பு வைத்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தேன். டெல்சி கடற்கரையில் இருந்தாள். இரண்டு கம்பு நட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பந்தைக் காலடியில் நிறுத்திக்கொண்டாள்.

வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. படத்தை அனுப்பியது நான்தான் என்று நேரே சொல்லிவிட்டேன்.

அவள் காலடிப் பந்தை மெல்ல உருட்டினாள். பிறகு, "படம் ஆரு போட்டாலும், பந்து கால் நடுவுல போனது போனதுதாங்க்கா. அதுக்கு நான் அழல. ஆனா நீங்க ரெண்டு வருசம் அந்த எடத்துல நின்னவுங்கல்லா. அது எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்லா" என்றாள்.

அவள் அந்த இரண்டு கம்பையும் காட்டி, "நில்லுங்க" என்றாள்.

நின்றேன். பத்துப் பந்து அடித்தாள். மணலில் செருப்பில்லாத கால், அப்படியொரு அடி. முதல் பந்து வயிற்றில் வாங்கினேன். இரண்டாவது காதை உரசிக்கொண்டு போனது. அனுசுயா கரையில் நின்று சத்தமாக எண்ணினாள். சின்னப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். நான் நாலாபக்கமும் விழுந்தேன், வாயெல்லாம் மணல். ஏழாவது பந்தை எப்படியோ விரலால் தட்டிவிட்டபோது நான் என்னை அறியாமல் கையைத் தூக்கிக் கத்தினேன். டெல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மொத்தம் மூன்று பிடித்தேன்.

"முட்டி நல்லாத்தான இருக்கு" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியும். செலக்சன் அன்னைக்கு நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

பையிலிருந்து ஒன்றாம் நம்பர் ஜெர்சியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. தான் திரும்பி வருவது எனக்காக இல்லை, இரண்டு நாளாகவே வரலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருப்பதாகச் சொன்னாள். வந்தால் இரண்டு விஷயம். ஒன்று, படம் போட்டது யார் என்று நானே எல்லாரிடமும் சொல்ல வேண்டும். இன்னொன்று: "நீங்க கோல் போஸ்டுக்குப் பின்னாலதான நிக்கீங்க? சும்மா நிக்காதீங்க. எடது பக்கம் ஆளு ஓடி வாரது எனக்குத் தெரிய மாட்டேங்கு. பாத்துச் சத்தம் போடுங்க."

பிறகு ஜெர்சியை வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேரும் வந்தோம். அவள் அம்மா கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் பஸ் முழுக்க மணத்தது.

ஜனவரி 27, திங்கள்

பயிற்சிக்கு முன்னால் டீம் முழுக்க நிற்கும்போது சொன்னேன். மேடம் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, லீக் முடிகிற வரைக்கும் டீம் ஜெர்சி மொத்தத்தையும் நீதான் துவைக்க வேண்டும் என்றார். பதினெட்டு ஜெர்சி. மாரிச்செல்வி தன் சாக்ஸையும் கழற்றி மேலே போட்டாள்.

ஷமீமா டிரம் குச்சியை என் மண்டையில் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கலாய்ப்புப் பக்கத்துக்கும் எழுதி அனுப்பினேன், என் பெயரோடு: 'படம் எடுத்தது பேச்சியம்மாள், மூன்றாமாண்டு வரலாறு. செலக்சனில் டெல்சியிடம் தோற்றவள்.' போட்டார்கள். அதற்கும் எழுநூறு லைக்.

ஜனவரி 29, புதன்

0 - 1. ஒன்றுதான். ஒன்றே ஒன்று.

பார்க்க வந்தது பதினொரு பேர். கேன்டீன் அக்காவையும் சேர்த்து. நான் வலைக்குப் பின்னால் நின்று "எடது, எடது" என்று கத்தினேன். முதல் பாதியில் டெல்சி நான்கு பந்து பிடித்தாள். ஒன்று பாய்ந்து பிடித்தது. அனுசுயா பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது நம் பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் கும்பலாக ஓடவில்லை, பிரிந்து நிற்கிறார்கள். கடைசியில் பெனால்டியில் போனது. பெனால்டியை யார் பிடிப்பார்கள்?

தோற்றுவிட்டுத் துள்ளிக் குதித்துக்கொண்டு வெளியே வந்த ஒரே டீம் இதுவாகத்தான் இருக்கும். தூத்துக்குடிக்காரிகள் எங்களைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள்.

அனுசுயா அறைச் சுவரில் சார்ட் ஒட்டிவிட்டாள். முதல் ஆட்டம் ஆறு வித்தியாசம், இரண்டாவது ஒன்று. இந்தக் கணக்குப்படி அடுத்த ஆட்டத்தில் நாம் நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும், கடைசி ஆட்டத்தில் ஒன்பது என்றாள். இதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். இதற்குப் பெயர் போக்கு என்றாள்.

ஜனவரி 31, வெள்ளி

ஜெர்சி துவைக்கும்போது ஷமீமா வந்தாள். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து மூன்று ஜெர்சி அலசிக் கொடுத்தாள். போகும்போது, "புதன்கிழம தென்காசி மேட்சுக்கு ஏழரை மணி பஸ்ஸு. லேட்டா வந்தா நிக்க மாட்டோம்" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

1 - 1. கோல் போட்டோம். நாங்கள் கோல் போட்டோம்.

தென்காசியில் நல்ல காற்று, மைதானத்திலிருந்து மலை தெரிகிறது. நாங்கள் ஒன்பது பேர் போயிருந்தோம். நான் கத்திய கத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். "யாரும்மா இது, உங்க டீமுக்கு ரெண்டு கீப்பரா?" என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முதுகைத் திருப்பியதும் கையைத் தட்டிக் காட்ட ஆரம்பித்தேன். ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு என்றால் வலது. டெல்சிக்கு உடனே புரிந்துவிட்டது.

அவர்கள் முதலில் போட்டார்கள். எழுபதாவது நிமிடம் வரைக்கும் பூஜ்யம்தான். அப்புறம் மாரிச்செல்வி நடுமைதானத்தில் ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், பாஸ் கொடுப்பாள் என்று பார்த்தால் கொடுக்கவில்லை, அடித்துவிட்டாள். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஒரு நொடி எங்கள் யாருக்குமே என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த வருடம் கோலுக்குக் கத்திப் பழக்கமே இல்லையே. முதலில் கத்தியது கனகமணி மேடம். அப்புறம் ஷமீமா டிரம்மோடு கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டாள், நடுவர் அவளையும் துரத்திவிட வேண்டியதாகிவிட்டது.

அனுசுயாவின் போக்கு பொய்த்துவிட்டது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆஃப்சைடுன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சிட்டு" என்று அழுதாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஐந்தாண்டுத் திட்டங்கள் பற்றிய கட்டுரையை இன்று கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

கோவில்பட்டியில் கடைசி ஆட்டம். வருகிறோம் என்று இதுவரை இருபத்தாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கலாய்ப்புப் பக்கத்தில் மாரிச்செல்வியின் கோல் வீடியோ. கீழே 'நாங்களும் வாரோம்' என்று வரிசையாக. வராந்தாவில் இப்போது டெல்சியைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவள்தான் என்னைப் பார்த்து "மூணு" என்கிறாள். பத்தில் மூன்று.

பிப்ரவரி 10, திங்கள்

துறைத் தலைவரிடம் விடுப்புக் கேட்கப் போனோம். இந்த டீம் கப்பு வாங்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். பிறகு எதற்கு முப்பத்தெட்டுப் பேர் என்றார். ஷமீமா, "நல்லா ஆட ஆரம்பிச்சிருக்காங்க மேடம், பாக்காண்டாமா?" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 12, புதன்

பஸ் குலுங்கியது இன்னும் உடம்பில் இருக்கிறது.

கோவில்பட்டி கிரவுண்டு கரிசல் மண், வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பந்து எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் முப்பத்தெட்டுப் பேர் ஒரு பக்கம். ஷமீமாவின் டிரம் கிழிந்தே போய்விட்டது. அதன் பிறகு தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து அடித்தாள். பக்கத்தில் நின்ற உள்ளூர்த் தாத்தா ஒருவர் அனுசுயாவிடம் ஏதோ சந்தேகம் கேட்க, அவள் ஆஃப்சைடை விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஐம்பதாவது நிமிடம் கார்னர். எல்லாரும் எழும்பினார்கள், எல்லாரையும் தாண்டிப் போன பந்து மாரிச்செல்வியின் தோளில் பட்டு உள்ளே விழுந்தது. தலையில் பட்டது என்று அவள் சொல்கிறாள். தோள்தான்.

1 - 0. அதிலிருந்து நாற்பது நிமிடம் நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. இந்த நடுவர் கத்தக் கூடாது என்று சொல்லவில்லை, அதனால் கத்தினேன், கத்தினேன், எண்பதாவது நிமிடத்தில் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது.

கடைசி நிமிடம். பந்து வலது பக்கம் இருந்தது. டெல்சி அங்கே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் அவர்களுடைய ஏழாம் நம்பர் தனியாக ஓடி வருகிறாள், யாரும் கவனிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கையைத் தட்டினேன், அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. பந்து குறுக்கே வந்தது, ஏழாம் நம்பர் அடித்தாள்.

டெல்சி ஏற்கெனவே திரும்பியிருந்தாள். அவளாகவே பார்த்திருக்கிறாள். அந்தக் குள்ளச்சி எவ்வளவு தூரம் நீண்டாள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பின்னாலிருந்து பார்த்த எனக்குத் தெரியும். விரல் நுனியில் பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அவள் என் காலடியில், வலைக்கு அந்தப் பக்கம், முகம் முழுக்கக் கரிசல் மண்ணோடு கிடந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கார்னர் எடுத்தார்கள், மாரிச்செல்வி தூக்கி அடித்தாள், விசில் ஊதிவிட்டார்கள்.

நான் வலையைச் சுற்றிப் போகாமல் வலைக்குள்ளேயே நுழையப் பார்த்துச் சிக்கிக்கொண்டேன். டெல்சிதான் வந்து எடுத்துவிட்டாள்.

திரும்பும்போது டீமும் நாங்களும் ஒரே பஸ். பாதிப் பேர் நின்றுகொண்டே வந்தோம். கயத்தாறு வரைக்கும் பாட்டு, தண்ணீர்க் கேன் அடி, ஜன்னல் கம்பி அடி. கண்டக்டர் சீட்டுக் கொடுத்து முடித்துவிட்டு எங்களிடம் வந்து நின்றார்.

"என்னம்மா, கப்பு அடிச்சிட்டியளோ?"

"இல்லண்ணே. நாலாவது எடம்" என்றாள் ஷமீமா.

"எத்தன டீமுல?"

"அஞ்சுல" என்றாள் அனுசுயா.

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கப்பு அடிச்சவளுவ போற பஸ்ஸுல நல்லவேள நான் டூட்டி இல்ல" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

டெல்சி முன்சீட்டில் முழங்காலிட்டு, பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "அடுத்த வருசம் மூணாவதுக்கா" என்றாள். அடுத்த வருடம் நான் இங்கே இருக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரியும். பதில் சொல்லத்தான் எனக்குக் குரல் இல்லையே. மூன்றாவதெல்லாம் போதாது என்று தலையை ஆட்டி, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் அந்த இரண்டு விரலையும் பார்த்தாள். பிறகு எட்டி, அதில் ஒன்றை மடக்கிவிட்டாள்.